பருவா, மச்சமா?

கும்பகோணம்
ஞாயிறு மதியம்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சௌக்கியம். முழங்கால் வலி இருக்கிறது, அது இருந்துகொண்டுதான் இருக்கும். மாவடு போட்டாயிற்று. உனக்கென்று ஒரு டப்பா தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், வரும்போது எடுத்துக்கொண்டு போ.

நீ அனுப்பிய பத்துப் படங்களையும், அவற்றுக்கு நீ எழுதிய கருத்துகளையும் உன் தங்கை கம்ப்யூட்டரில் பெரிதாகப் போட்டுக் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமை கேமராவும் கையுமாக நீங்கள் பத்துப் பதினைந்து பேர் பெங்களூரைச் சுற்றுகிறீர்களே, அந்தக் கூட்டத்தில் இந்த மாதம் உன்னைத்தான் படங்களைப் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள் என்றதும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஸ்டூடியோக்காரர் பிள்ளை இல்லையா. ஆனால் "ஒரு பொண்ணு ரெண்டு வாரமா வரலைம்மா, ஏன்னு தெரியல" என்று போனில் சொன்னாய். எனக்குத் தெரிகிறது. நீ எழுதியதைப் படித்தேன்.

அந்தப் பெண் எடுத்த நாலாவது படம். ஜன்னலோரம் ஈசிசேரில் அவளுடைய தாத்தா. நீ எழுதியது மூன்றே வரி: ஜன்னல் முழுக்க வெளுத்துவிட்டது, முகம் இருட்டு, காம்போசிஷன் (படத்துக்குள் எதை எங்கே வைப்பது என்கிற அமைப்பு) இல்லை. முதல் இரண்டும் உண்மைதான், யார் பார்த்தாலும் தெரியும். ஆனால் தாத்தாவின் இடது கையைப் பார்த்தாயா? மூக்குக்கண்ணாடி வைத்திருக்கிறார். அதில் ஒரு பக்கத்துக் காம்பு இல்லை, அந்த இடத்தில் வெள்ளை நூல் கட்டியிருக்கிறது. ஜன்னல் வெளிச்சம் சரியாக அந்த நூலின் மேல் விழுகிறது. அவள் போனைத் தூக்கியதே அதற்காகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. உன் மூன்று வரியில் அந்த நூல் இல்லை. நீ பார்க்கவே இல்லையோ என்னவோ.

ஸ்டூடியோவில் நெகட்டிவைத் திருத்துகிற டச்சிங் மேஜை முன்னால் நான் உட்கார்ந்துவிட்டால் உங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் வந்து மூச்சுவிடக்கூட விடமாட்டேன், ஞாபகம் இருக்கிறதா? சாய்ந்த பலகை, நடுவில் நெகட்டிவ் வைக்க ஓட்டை, வெளிச்சத்தை மேலே தள்ளக் கீழே ஒரு கண்ணாடி. பென்சிலை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து ஊசி மாதிரி ஆக்கி வைத்திருப்பேன். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். முகத்தில் கறுப்பாகத் தெரிகிற பரு அங்கே வெளிறின புள்ளியாக இருக்கும். அதைப் பென்சிலால் நிரப்பினால் பிரிண்டில் பரு மறைந்துவிடும். கருவளையம், நெற்றிச் சுருக்கம், மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கிற படம் என்றால் அம்மைத் தழும்பு வரைக்கும் என் பென்சிலுக்கு வேலை.

கல்யாணமாகி வந்து அந்த வேலையைப் பழகின புதிதில் ஒரு வயதான அம்மாளின் நெகட்டிவ் வந்தது. மூக்குக்குப் பக்கத்தில் மச்சம். அதையும் சேர்த்து நிரப்பிவிட்டேன். நன்றாகச் செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு வேறு. படத்தை வாங்க வந்த மகன் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் நின்றார். அப்புறம், "அழகா இருக்குங்க. ஆனா எங்கம்மா மாதிரி இல்லையே" என்றார். பள்ளிக்கூடச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று எழுதுவதே மச்சத்தைத்தான், அதைப் போய் அழித்து வைத்திருக்கிறேன். உங்கப்பா திட்டவில்லை. டர்பன்டைன் நனைத்த பஞ்சால் நெகட்டிவைத் துடைத்துவிட்டு மறுபடியும் பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். ஊட்டியில் இருந்து அப்போது வருமே, 'இந்து' என்கிற போட்டோ பிரிண்ட் போடுகிற பேப்பர், அதில் ஒரு ஷீட் தண்டம். அன்றிலிருந்து நெகட்டிவை வைத்ததும் பென்சிலை எடுக்க மாட்டேன். எது பரு, எது மச்சம் என்று முதலில் பார்ப்பேன். சந்தேகம் வந்தால் ஆளையே கேட்டுவிடுவேன்.

உன் கருத்துகளைப் படிக்கும்போது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. நாலாவது படத்தில் ஜன்னல் வெளுத்தது பரு. நூல் கட்டின கண்ணாடி மச்சம். முகம் பாதி இருட்டில் இருப்பது எந்தக் கணக்கில் வரும் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. அதை அவளிடம்தான் கேட்க வேண்டும். வேண்டுமென்றே விட்டாளா, தானாக விழுந்ததா?

பருவைச் சொல்லக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வெளுத்துவிட்டது என்பது அவளுக்கும் தெரியும், படம் அவள் கண் முன்னால்தானே இருக்கிறது. அடுத்த தடவை எங்கே நிற்பது என்று சொல்லேன். போனில் முகத்தைத் தொட்டால் ஜன்னல் இன்னும் வெளுக்கும், ஜன்னலைத் தொட்டால் முகம் கரியாகும். அதோடு மல்லுக்கட்டுவதை விட, ஜன்னல் இருக்கிற சுவரில் முதுகைச் சாய்த்து நின்று எடுத்தால் ஜன்னல் படத்துக்குள்ளேயே வராது, வெளிச்சம் மட்டும் தாத்தா மேல் விழும். இன்னும் ஒரு அடி குனிந்தால் அந்தக் கை பெரிதாகத் தெரியும். இது அவள் நாளைக்கே செய்து பார்க்கக்கூடிய காரியம். காம்போசிஷன் இல்லை என்பதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

ஏழாவது படத்துக்கு "சூப்பர்" என்று மட்டும் எழுதியிருக்கிறாய். கே.ஆர். மார்க்கெட் பூக்கடைகள், மாடியில் நின்று கீழே பார்த்து எடுத்தது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே மாடியில் நின்று எத்தனை பேர் எடுத்துவிட்டார்கள், உன் தங்கை போனிலேயே நாலைந்து காட்டினாள். அந்தப் பையனுக்கு உன்னிடமிருந்து ஒன்றுமே கிடைக்கவில்லை. ஓரத்தில் சாமந்திக் குவியல் மேல் சாய்ந்து தூங்குகிற ஆளைக் காட்டி, "கீழே இறங்கி இவரிடம் போயிருந்தால் என்ன?" என்று கேட்டிருக்கலாம். மற்ற படங்களைப் பற்றி நீ எழுதியது பரவாயில்லை, அந்தச் சாய்ந்த கோபுரத்தை நிமிர்த்தச் சொன்னது ரொம்பச் சரி.

உங்கப்பா வைத்திருந்த பழைய பத்திரிகை ஒன்றில் அமெரிக்காவில் டோரதியா லாங் என்கிற அம்மாள் 1936இல் எடுத்த படம் இருக்கும். கூடாரத்தில் குழந்தைகளோடு கவலையாக உட்கார்ந்திருக்கிற ஒரு தாய், கன்னத்தில் கை. உலகமெல்லாம் தெரிந்த படம். முதலில் அதன் வலது கீழ் மூலையில் கூடாரக் கம்பைப் பிடித்த கட்டைவிரல் ஒன்று நீட்டிக்கொண்டிருந்ததாம். பிற்பாடு நெகட்டிவில் அதை மங்க வைத்துவிட்டார்கள். உங்கப்பா இதைச் சொன்னபோது, நம்ம தொழில் அங்கேயும் உண்டா என்று எனக்கு ஒரே சந்தோஷம். அந்த விரலை நீ பார்த்திருந்தால் விரலைப் பற்றி மட்டும்தான் எழுதியிருப்பாய் என்று இப்போது தோன்றுகிறது. கோபித்துக்கொள்ளாதே.

உனக்குச் சொல்லாத ஒன்று. நீ பிறப்பதற்கு முன்னால், ஆடிப்பெருக்கு அன்றைக்குக் காவிரிப் படித்துறையில் நான் ஒரு படம் எடுத்தேன். உங்கப்பாவின் யாஷிகா கேமராவில். தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு நிற்கிற ஒரு சின்னப் பெண், பின்னால் மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்கிற பெண்களின் கூட்டம். உங்கப்பாதான் அதை ஒரு போட்டிக்கு அனுப்பினார். பார்த்த பெரியவர் ஒருவர் படத்தின் பின்பக்கத்தில் "பரவாயில்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பினார். அந்த ஒரு வார்த்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எது பரவாயில்லை? எதை மாற்றுவது? கேட்க ஆளில்லை. அதற்கப்புறம் நான் கேமராவைத் தொடவில்லை, பென்சிலோடு நின்றுவிட்டேன். மேலே நானும் உனக்கு அதே வார்த்தையை எழுதியிருக்கிறேன், இப்போதுதான் கவனிக்கிறேன். அடுத்த தடவை பேசும்போது ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு இன்றைக்கே எழுது. மன்னிப்புக் கேட்டுப் பெரிதுபடுத்தாதே, அவளுக்குச் சங்கடமாகிவிடும். படத்தை மறுபடியும் பார்த்தேன், கண்ணாடியில் அந்த நூலை யார் கட்டினது என்று கேள். தாத்தாவா, அவளா? எனக்கும் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
அம்மா