வண்டியை ஒருமுறை பாருங்கள்: எல்லை ஊர் ப்ரேக் இன்ஸ்பெக்டர்களுக்கு

தமிழ்நாடு, கேரள எல்லையின் இரண்டு பக்கமும் பணியாற்றும் வட்டாரப் போக்குவரத்து அலுவலர்களுக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர்களுக்கும் வணக்கம்.

எங்கள் ஊரில் உங்களை இன்னும் ப்ரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்கிறோம். எனக்கும் அந்தப் பெயர்தான் பிடிக்கும். வண்டி நிற்குமா என்று பார்க்கிறவர் என்பது அதிலேயே இருக்கிறது. இந்த மடலில் நான் உங்களிடம் கேட்கப்போவதும் அந்த வேலையைத்தான்.

நான் போடிநாயக்கனூர்க்காரன். அப்பா ஏலக்காய் வியாபாரி. வாரத்தில் நாலு நாள் போடிமெட்டு ஏறி பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜாக்காடு என்று தோட்டம் தோட்டமாகப் போவார். அதற்காக 1991இல் ஒரு புல்லட் 350 வாங்கினார். அப்போது பூப்பாறையில் ஒரு ஸ்டோரை வாடகைக்கு எடுத்திருந்தார்; அந்த முகவரியிலேயே பதிவு செய்ததால் வண்டிக்குக் கேரள நம்பர். டேங்க் மேல் சாம்பிள் பை, பின் சீட்டில் காய் மூட்டை, 17 கொண்டை ஊசி வளைவு. "ஏறுற கியர்லதான் இறங்கணும்" என்று எனக்கு அந்த மலையில்தான் சொல்லிக்கொடுத்தார். இன்று வரை அப்படித்தான் இறங்குகிறேன்.

2006இல் பதினைந்து வருடம் முடிந்ததும் ஆர்சியை, அதாவது பதிவுச் சான்றை, ஒருமுறை புதுப்பித்தார். ஐந்து வருடம் கழித்து அது முடிந்தபோது அவருக்கு உடம்பு முடியாமல் போய்விட்டது. 2014இல் தவறிவிட்டார். வண்டி ஸ்டோரில் சாக்குக்கட்டுகளுக்குப் பின்னால் ஒன்பது வருடம் நின்றது. அப்பா இறந்த 3 மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்றியிருக்க வேண்டும் என்பது அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அது எங்கள் தவறு. அதற்கான அபராதத்தைக் கட்டத் தயாராக இருக்கிறேன்.

2023இல் வண்டியைக் குட்டியானையில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தேன். அப்பா காலத்தில் இதே வண்டிக்கு வேலை பார்த்த மெக்கானிக் அண்ணன் இன்னும் பட்டறை வைத்திருக்கிறார். எழுபதை நெருங்குகிறார். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, "மொத்தமாப் பிரிச்சாத்தான் சரியா வரும் தம்பி" என்றார். பிரித்தோம். சிலிண்டரில் துரு பள்ளம் பறித்திருந்தது. லேத்தில் போரிங் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் ஏற்றினோம். கனெக்டிங் ராட், பேரிங், ஆயில் பம்ப், கிளட்ச் பிளேட், வயரிங் எல்லாம் புதிது. இரண்டு சக்கரத்துக்கும் ஸ்போக் மாற்றி, பெண்டு எடுத்து, புது 19 இஞ்ச் டயர் போட்டாயிற்று. ப்ரேக் ஷூ லைனிங்கை மட்டும் அண்ணன் மூன்று முறை கழற்றி மாட்டினார். டிரம்மில் முழுவதும் படியவில்லை என்று சாக்பீஸ் தடவிப் பார்த்து, ஒட்டாத இடத்தைக் காட்டிக் காட்டித் தேய்த்தார். மலையில் ஓடுகிற வண்டிக்கு அவர் அப்படித்தான் வேலை செய்வார்.

இரண்டு வருடம் ஆனது. முதல் நாள் ஸ்டார்ட் செய்ததை இங்கே சொல்லத்தான் வேண்டும். ஹெட்லைட் மேலே இருக்கும் ஆம்பியர் மீட்டரைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெல்ல அமுக்கினேன். முள் நடுவுக்கு வந்தது. சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்து பிஸ்டனை ஒரு விரலளவு தாண்டவிட்டு, லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு ஓர் உதை. மூன்றாவது உதையில் பிடித்துக்கொண்டது. 346 சிசி ஒற்றை சிலிண்டர், முழு எண்ணெய்ப் புகை, பிறகு அந்த நிதானமான சத்தம். அம்மா அடுப்படியிலிருந்து வந்து வாசல்படியில் நின்றார். ஒன்றும் பேசவில்லை. அணைக்கும்வரை நின்றார்.

அப்புறம்தான் காகித வேலை தொடங்கியது. அலுவலகங்களின் பெயர் இங்கே வேண்டாம். குறை ஒருவருடையது என்று நான் நினைக்கவில்லை. மலைமேல் கேரளப் பக்கத்தை "மேலே" என்றும் தமிழ்நாட்டுப் பக்கத்தைக் "கீழே" என்றுமே சொல்கிறேன்.

கீழே போனேன். பதிவு கேரளத்தில் இருப்பதால் அங்கே புதுப்பித்து, தடையின்மைச் சான்று வாங்கி வந்தால்தான் வண்டியைத் தொடுவோம் என்றார்கள். மேலே போனேன். "வண்டி காணணும்" என்றார்கள். நியாயம்தான். ஆனால் பதிவு உயிரோடு இல்லாத வண்டியைச் சாலையில் ஓட்ட முடியாது. ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 192ஆம் பிரிவில் முதல் முறைக்கே 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். ஆகவே மறுபடி குட்டியானை, கயிறு, மலை. கொண்டுபோய் நிறுத்தினால், பழைய கையெழுத்து ஆர்சி புத்தகம் கணினியில் ஏறவில்லை, அரசின் வாகனப் பதிவு இணையதளமான வாகன் தளத்தில் நம்பரே வரவில்லை, முதலில் பழைய பதிவேட்டைத் தேடி ஏற்ற வேண்டும் என்றார்கள். தளத்தில் நம்பர் இல்லையென்றால் புகைச் சான்றும் எடுக்க முடியவில்லை, இன்சூரன்ஸும் போட முடியவில்லை. அந்த இரண்டும் இல்லையென்றால் விண்ணப்பம் நகராது.

இதற்கு நடுவில் சேஸ் நம்பர். ஹேண்டில்பாருக்குக் கீழே, ஃப்ரேமின் கழுத்தில் குத்தியிருக்கிற நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார் ஒரு ஆய்வாளர். ஃப்ரேமுக்குப் போட்டிருந்த பவுடர் கோட்டிங் பெயிண்ட் எழுத்துப் பள்ளங்களை நிரப்பியிருந்தது. கடைசி இரண்டு எண்ணில் ஒன்று 3 ஆகவும் தெரிந்தது, 8 ஆகவும் தெரிந்தது. அவர் முகம் மாறிவிட்டது. திருட்டு வண்டியோ என்று சந்தேகப்பட அவருக்கு உரிமை உண்டு. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். வீட்டுக்கு வந்து பெயிண்ட் ரிமூவரைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் தொட்டு அந்த ஒரு அங்குல இடத்தை மட்டும் இரண்டு ராத்திரி சுத்தம் செய்தேன். எமரித் தாள் போடவில்லை, கம்பி பிரஷ் போடவில்லை. கீறல் விழுந்தால் நம்பரைத் திருத்தியதாகிவிடும். இப்போது அது 8 என்று கண்ணாடி இல்லாமலே தெரிகிறது. (பழைய வண்டிக்கு உயிர் கொடுக்கும் தம்பிகள் யாராவது இதைப் படித்தால்: ஃப்ரேமைக் கோட்டிங்குக்குக் கொடுக்கும் முன் நம்பர் மேல் டேப் ஒட்டிக் கொடுங்கள். ஒட்டும் முன் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.)

ஆனால் அடுத்த முறை இருந்தது வேறொரு ஆய்வாளர். என்ஜினைப் பிரித்து வேலை பார்த்திருப்பதால் இது மாற்றியமைத்த வண்டி, 52ஆம் பிரிவு வரும் என்றார். ஐயா, என்ஜின் அதே என்ஜின். நம்பர் ஆர்சியில் உள்ளபடியே இருக்கிறது. போரிங் போடுவதும் பேரிங் மாற்றுவதும் பழுதுபார்த்தல். தயாரிப்பாளர் சொன்ன விவரம் மாறிப்போகும்படி வண்டியை மாற்றுவதைத்தான் அந்தப் பிரிவு தடுக்கிறது. சைலன்ஸர் கூட பழைய மாதிரிதான் வாங்கிப் போட்டிருக்கிறேன். தெருவே அதிரும் சைலன்ஸரோடு மலையேறும் வண்டிகளை நிறுத்தி அபராதம் போடுங்கள், நான் கைதட்டுவேன்.

பதினைந்து வருடம் தாண்டிய வண்டி காயலான் கடைக்குத்தான் என்ற எண்ணம் எல்லையின் இரண்டு பக்கமும் பரவிக் கிடக்கிறது. டெல்லி சுற்றுவட்டாரத்தில் பெட்ரோல் வண்டிக்கு வந்த கட்டுப்பாட்டை வைத்துப் பேசுகிறார்கள். நம் பக்கத்தில் தனியார் வண்டியை ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க 41ஆம் பிரிவே வழி தருகிறது. 2021இல் வந்த பழம்பெரும் வாகன விதியில் போகச் சொல்லி ஒருவர் நல்ல எண்ணத்தோடு யோசனை சொன்னார். அதற்கு வண்டிக்கு ஐம்பது வயது தாண்டியிருக்க வேண்டும். எங்களுடையதற்கு அந்த வயது ஆகவில்லை. தவிர, அந்தப் பதிவில் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம். எனக்கு வண்டி தினமும் மலையேற வேண்டும், அப்பா ஓட்டிய மாதிரி.

கட்டணத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. 2022இல் இருசக்கர வாகனத்துக்குப் புதுப்பிக்க 300 ரூபாய் 1,000 ஆனது. 2025 ஆகஸ்டில் இருபது வருடம் தாண்டிய வண்டிக்கு 2,000 ஆனது. சரி, கட்டுகிறேன். ஆனால் தாமதத்துக்கு மாதம் 300 ரூபாய் என்று தனியாக ஓடுகிறதே, அது நான் விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேலேயும் கீழேயும் அலைந்த ஏழு மாதமும் ஓடியது. 2,100 ரூபாய். புதுப்பிக்கும் கட்டணத்தை விட அதிகம். விண்ணப்பம் மேசைக்கு வந்த தேதியோடு அந்தக் கணக்கை நிறுத்துவது உங்கள் கையெழுத்தில் முடிகிற காரியமாக எனக்குப் படுகிறது.

இப்போது முக்கியமான விஷயம். மத்திய மோட்டார் வாகன விதி 52ஐ எடுத்துப் பாருங்கள். புதுப்பிக்கும் விண்ணப்பத்தை, வண்டி எந்தப் பதிவு அதிகாரியின் எல்லைக்குள் இருக்கிறதோ அவரிடம் படிவம் 25இல் கொடுக்க வேண்டும் என்கிறது. என் வண்டி போடியில் இருக்கிறது. அப்படியானால் கீழே உள்ள ஆய்வாளர் என் வண்டியைப் பார்க்கலாம். ப்ரேக் பிடித்துப் பார்க்கலாம், நம்பரைத் தேய்த்துப் பார்க்கலாம், போட்டோ எடுத்து மேலே அனுப்பலாம். மேலே உள்ளவர் பழைய பதிவேட்டைத் திறந்து அந்த நம்பர் சரியா என்று ஒரு பதில் போட்டால் போதும். 12 மாதத்துக்கு மேல் இங்கேயே இருக்கும் வண்டிக்கு இந்த மாநில நம்பர் வாங்க வேண்டும் என்பது 47ஆம் பிரிவு; அதையும் வரிசைப்படி செய்கிறேன். படிவம் 28இல் தடையின்மைச் சான்று கொடுங்கள், படிவம் 27இல் புது நம்பருக்கு விண்ணப்பம் தருகிறேன், வரியைக் கட்டுகிறேன். ஆனால் வண்டியைக் கயிற்றில் கட்டி மலைமேல் ஏற்றி இறக்குவதை மட்டும் நிறுத்துங்கள்.

என் ஒருவனுக்காக இவ்வளவு எழுதவில்லை. போடிமெட்டிலும் கம்பம்மெட்டிலும் குமுளியிலும் தோட்டத்துப் பாதைகளில் ஒருநாள் நின்று பாருங்கள். ஒரு மாநிலத்து நம்பரோடு இன்னொரு மாநிலத்தில் ஓடும் பழைய வண்டிகள் எத்தனை, அதில் ஆர்சி முடிந்தவை எத்தனை என்று தெரியும். ஓட்டுகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. நாள் கூலியை விட்டுவிட்டு மூன்று முறை அலுவலகம் வந்து திரும்பிப் போனவர்கள். நாலாவது முறை வராமல் அப்படியே ஓட்டுகிறார்கள். எங்கள் தெரு அக்கா ஒருவர் தோட்ட வேலை முடிந்து இருட்டில் நடந்து வரும்போது அப்படி ஒரு வண்டி மோதியது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. வண்டிக்குப் பதிவு இல்லை, இன்சூரன்ஸ் இல்லை. ஓட்டிய பையனிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. அக்கா இன்றும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். அந்தப் பையனின் வண்டியை ஒரு ப்ரேக் இன்ஸ்பெக்டர் ஒருமுறை பார்த்திருந்தால், அந்தத் தேய்ந்த ப்ரேக் ஷூ அன்றே வெளியே வந்திருக்கும். கையில் இன்சூரன்ஸும் இருந்திருக்கும்.

மாதத்தில் ஒருநாள், எல்லை ஊர்களில் பழைய வண்டிகளுக்கென்று ஆய்வு வையுங்கள். இரண்டு பக்கத்து ஆய்வாளர்களும் ஒரே மைதானத்தில் உட்கார்ந்தால் இன்னும் நல்லது. ப்ரேக் பிடிக்காத வண்டியை அங்கேயே திருப்பி அனுப்புங்கள், யாரும் எதிர்த்துப் பேச மாட்டோம். என் வண்டியும் அதில் தேறாவிட்டால் மறுபடி பிரித்து வேலை பார்ப்போம்.

வண்டி இப்போது வீட்டு வாசலில் தார்ப்பாய் போட்டு நிற்கிறது. பேட்டரியை வாரம் ஒருமுறை சார்ஜ் போடுகிறேன். ஆர்சி புத்தகம், வாரிசுச் சான்று, படிவம் 25, படிவம் 31, நம்பரின் பென்சில் பிரதி எல்லாம் ஒரே கோப்பில் இருக்கின்றன. மெக்கானிக் அண்ணனும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். எந்த நட்டைக் கழற்றிக் காட்டச் சொன்னாலும் காட்டுவார். காலை எட்டு மணிக்கு மேல் எந்த நாள் என்றாலும் சரி. தேதியை மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
போடிநாயக்கனூரிலிருந்து ஓர் ஏலக்காய் வியாபாரியின் மகன்