அண்டாவில் வெட்டின பேர்

மண்டபம்,
ஆனி 3

மாப்ளே,

மாசியில் வந்த கதைக்கு ஆனியில் பதில் எழுதுகிறேன். திட்டிக்கொள். திட்டி முடித்துவிட்டு மேலே படி. இங்கே எல்லாரும் சுகம். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து போட்டுகள் கிளம்பிவிட்டன, டீக்கடையில் மறுபடியும் சத்தம். கணக்கு வாத்தியார் இன்னும் அந்தக் குடையைத் தேடுகிறார். உன்னை விசாரித்தார். நான் வாயே திறக்கவில்லை.

கடலடியில் வெள்ளரிக்காய் போலக் கிடக்கிற கடல் அட்டையைக் களவாக எடுக்கப்போகிற பதினேழு வயசுப் பயலைப் பற்றிய உன் கதையை மூன்று தரம் படித்தாயிற்று. "நல்லா வந்திருக்கு" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போகலாம்தான். ஆனால் உன் பயலை எனக்குப் பிடித்துப்போனது. அதனால் உன்னைச் சும்மா விடுவதாக இல்லை.

முதலில் சில்லறைச் சண்டை. கதை நடப்பது 2010. நீ "அறுபத்தோரு நாள் தடை" என்று எழுதியிருக்கிறாய். அது 61 ஆனது 2017இல். அன்றைக்கு 45 நாள்தான், ஏப்ரல் 15இல் தொடங்கி மே 29இல் முடியும். இது வெறும் கணக்குப் பிழை இல்லை மாப்ளே, உனக்குக் கிடைத்த காரணம். பயலின் அப்பன் விசைப்படகுக் கூலி. ஒன்றரை மாசம் வருமானம் கிடையாது, ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது, பிளஸ் டூ பீஸ் கட்டணும். அவர் ஏன் அட்டைக்காரனிடம் போனார் என்று மூன்று பத்தி புலம்பியிருக்கிறாயே, இந்த ஒரு வரி போதும்.

அடுத்தது, ஜூன் ராத்திரியில் தென்கடல் "கண்ணாடி போல்" கிடந்ததாம். கோயம்புத்தூர்த் தண்ணி குடித்து எல்லாம் மறந்துபோச்சா? கச்சான், அந்தத் தென்மேற்குக் காத்து, பிடித்துவிட்டால் தென்கடல் குமுறும், வடகடல்தான் குளமாகக் கிடக்கும். ஐப்பசியில் வாடை இறங்கினால் எல்லாம் தலைகீழ். அந்த வத்தைப் படகை ஊருக்கு வடகடல் பக்கம் கொண்டுபோய் விடு.

மூட்டை: காய்ந்த அட்டை நாற்பது கிலோவை ஒரு பயல் தோளில் போட்டு ஓடுகிறானாம். பச்சையாகப் பிடித்ததில் காய்ந்தபின் பத்தில் ஒரு பங்கு தேறுவதே கஷ்டம். நாற்பது கிலோ வேண்டுமென்றால் நானூறு கிலோவுக்கு மேலே முக்குளித்து எடுக்கணும், இரண்டு ஆளும் ஒரு வத்தையும் வைத்துக்கொண்டு ஓரிரு ராத்திரியில் நடக்கிற காரியமா? நாலு கிலோ என்று மாற்று. அது அவன் பள்ளிக்கூடப் பைக்குள்ளேயே அடங்கும். பூகோளப் புத்தகத்துக்கு அடியில் அட்டை. பிடிக்க வருகிறவர்களும் மீன்வளத்துறை ஜீப்பில் வரவேண்டாம். 2001இல் கடல் அட்டையை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். அன்றைக்குப் புலிக்கு என்ன சட்டமோ அதே சட்டம் இதற்கும். வரவேண்டியது வனத்துறை. கடற்கரையில் காட்டிலாகாக்காரன் நிற்பதை வெளியூர்க்காரன் நம்பமாட்டான், அதற்காகவே எழுது.

இனி பெரிய சண்டை.

உன் பயல் முடிக்குச் செம்பட்டை அடிக்கிறான், பீடி குடிக்கிறான், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்கை முறுக்குகிறான். இவ்வளவும் செய்துவிட்டு, கதையைச் சொல்லும்போது "அப்பா வந்தார், அப்பா சொன்னார்" என்று கைகட்டி நிற்கிறான்! பயல் அடங்கமாட்டேன் என்கிறான், அவனுடைய வினைமுற்று அடங்கி நடக்கிறது. பதினேழு வயசுக்காரன் மனசுக்குள் அப்பனை "அவர்" என்றா நினைப்பான்? முதல் பக்கத்திலிருந்தே "அந்தாளு வந்தான், அந்தாளு மொறச்சான்" என்று ஓடவிடு. செம்பட்டை முடி, பீடி, பைக் எல்லாவற்றையும் அடித்துவிடலாம். விகுதி ஒன்றே சொல்லிவிடும்.

இதில் இன்னொரு லாபமும் இருக்கு. ஏழாம் பக்கத்தில் அட்டை வாங்குகிற வியாபாரி, பயலைவிடப் பத்து வயசு மூத்தவன், பயலின் அப்பனைப் பார்த்து "டேய், நேரத்துக்கு வரமாட்டியா?" என்கிறான். நல்ல இடம். ஆனால் உடனே "என் நெஞ்சு வெடித்தது" என்று போட்டுக் கெடுத்துவிட்டாய். அந்த வரியை எடுத்துவிட்டு அடுத்த வாக்கியத்தை "அப்பா தலையைக் குனிந்துகொண்டார்" என்று எழுதிப் பார். ஏழு பக்கமாக "ன்" போட்டு வந்தவன் வாயில் முதல் தடவையாக "ர்" வருகிறது. அவன் காரணம் சொல்லக்கூடாது, நீயும் சொல்லக்கூடாது. கவனிக்கிற வாசகனுக்கு அந்த ஓரெழுத்திலேயே எல்லாம் விளங்கிவிடும். கவனிக்காதவனுக்கு நெஞ்சு வெடித்தாலும் ஒன்றும் விளங்காது.

சொல்கிற வயசையும் முடிவு செய். ஒரு "நான்" பதினேழில் நின்று அனுபவிக்கிறான், இன்னொரு "நான்" முப்பதில் உட்கார்ந்து சொல்கிறான். இரண்டு பேரும் ஒரே வாக்கியத்துக்குள் முண்டியடித்தால் கதை நகராது. "அந்தக் கணத்தில் எனக்குப் புரிந்தது" என்று நான்கு இடத்தில் வருகிறது, எண்ணினேன். நான்கும் முப்பது வயசுக்காரன் மூக்கை நுழைக்கிற இடம். அவனை ஒரே ஒருமுறை உள்ளே விடு. எங்கே என்று சொல்கிறேன்.

மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் "பெரிய அண்டாவில் அட்டை வெந்தது" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டாயே, அங்கேதான் உன் கதை உட்கார்ந்திருக்கு. கடற்கரையில் டார்ச் அடித்துத் துரத்தி, உடங்காட்டுக்குள் ஓடி, முள் கிழித்து ரத்தம் வந்து, அப்பனைப் பார்த்து... அந்தக் கூத்து எதுவும் தேவையில்லை. அண்டா போதும்.

வேலை நடக்கிற வரிசையைச் சரியாகப் போடு. ஒரு முனையில் சின்னதாகக் கீறிக் குடலைப் பிதுக்கி எடுப்பார்கள். பிறகு அவிக்கிறது. அடி பிடிக்காமல் துடுப்பால் கிளறிக்கொண்டே இருக்கணும், அட்டை சுருங்கி ரப்பர் மாதிரி விறைக்கும். அவித்ததை ஈர மணலில் குழி தோண்டி ஒரு ராத்திரி புதைத்து வைப்பார்கள். மேல்தோல் அழுகி இளகியதும் தோண்டியெடுத்து, கூடையில் போட்டுக் கடல்தண்ணியில் காலால் மிதித்தால் சுண்ணாம்பு மாதிரி வெளுப்பாகக் கழன்று போகும். மறுபடி ஓர் அவி, பிறகு வெயிலில் காயப்போடுவது. உன் கதையில் நேராகக் கடலிலிருந்து வெயிலுக்குப் போகிறது. அந்தப் புதைக்கிற ராத்திரியை விட்டுவிட்டாயே பாவி! காத்திருக்கிற வேலை அது. செய்வதற்கு ஒன்றுமில்லை, கையில் பீடி, பக்கத்தில் காலி அண்டா. பயல் சும்மா உட்கார்ந்து அண்டாவைப் பார்க்கிற நேரம் அதுதான்.

அலுமினிய அண்டா, அடியில் கரி. விரலில் எச்சில் தொட்டுக் கரியைத் துடைக்கிறான். புள்ளி புள்ளியாக எழுத்து. அம்மா பேர். அதற்குக் கீழே கல்யாணத் தேதி, "மாமன் சீர்". கூட்டாளிகளோடு சேர்ந்து வீட்டுக்குத் தெரியாமல் பெரிய களவு செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறவன், தன் வீட்டு அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். "விவரம் தெரிஞ்ச வயசு" என்கிறோமே, அந்த விவரம் இப்படித்தான் வந்து சேரும், கரியும் எச்சிலுமாக.

2001இல் அவனுக்கு எட்டு வயசு. அதற்கு முன்னால் அட்டை எடுப்பது களவே இல்லை, பட்டப்பகலில் கரையில் அண்டா கொதித்தது. அப்பனோடு போய் அந்த நாற்றத்துக்குள் விளையாடியிருப்பான். இலங்கையில் இன்றைக்கும் லைசென்ஸ் வாங்கி எடுக்கிறார்கள். அப்பன் மாறவில்லை, அட்டையும் மாறவில்லை, சட்டம் மாறியது. அந்தப் பழைய நாற்றம் நினைவுக்கு வருகிற இடத்தில் முப்பது வயசுக்காரனை ஒருமுறை உள்ளே விடு. இரண்டு வாக்கியம் போதும். பிறகு கதவைச் சாத்து. "கடலுக்கு வராதே" என்று அப்பன் அடித்ததற்கும் அப்போது வேறு அர்த்தம் வந்துவிடும்.

கடைசிப் பத்தி, "அன்றிரவு என் குழந்தைப்பருவம் செத்தது" என்று தொடங்குகிறதே, அதைக் கிழித்துக் கறி வாங்கிய காகிதத்தோடு போடு. விடிகாலையில் அவன் அண்டாவைத் தேங்காய் நாரும் மணலும் போட்டுத் தேய்க்கட்டும். கரி போகும், நாற்றம் போகாது. அம்மா வந்து பார்த்துவிட்டு, "உள்பக்கம் நல்லாத் தேயி" என்று மட்டும் சொல்லட்டும்.

வெட்டின எழுத்தைப் பார்க்கணும் என்றால் எங்கள் வீட்டு அண்டாவை போட்டோ எடுத்து அனுப்புகிறேன். "ன"வுக்கு அடியில் ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கும், உனக்கு உதவும். அடுத்த பிரதியை ஆடிக்குள் அனுப்பு. இந்தத் தடவை கருவாட்டுப் பார்சல் கேட்காதே, போன தடவை கூரியர்க்காரன் என்னைப் பார்த்த பார்வை போதும்.

உன்,
தெற்குத் தெருக்காரன்