வயலில் இறங்கிக் கற்றுக்கொடுங்கள்: மலேசியாவின் பாகான் செராயிலிருந்து ஒரு திறந்த மடல்

நெல் பயிற்சிக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன வாரம் நீங்கள் நடத்திய 'செயல்முறைப் பயிற்சி'க்கு நன்றி. மண்டபத்தில் ஏர்கோன் நன்றாக வேலை செய்தது. நாசி லெமாக்கும் ருசி. செயல்முறையைத்தான் காணோம், ஒருவர் காலிலும் சேறு படவில்லை.

நெல்லோடு நெல்லாக முளைக்கும் களைநெல்லான பாடி அங்கினின் தொல்லை உங்களுக்குத் தெரியாததல்ல. கதிர் தள்ளும்வரை நெல்லுக்கும் அதற்கும் ஒரே முகம். அறுப்புக்கு முன்பே மணி உதிர்ந்து மண்ணில் கிடந்து, அடுத்த போகத்தில் முளைக்கும். அதற்கென 2010இல் வந்த களைக்கொல்லி தாங்கும் நெல் ரகத்தைத் திரையில் ஒரே படத்தில் சொல்லி முடித்தீர்கள். விதைத்த சில நாளில் களைமருந்தடித்து, வயலில் தண்ணீரைத் தேக்கி வைக்க வேண்டும். போகத்துக்குப் போகம் அதையே விதைத்தால் அங்கினும் மருந்துக்கு மசியாது.

பக்கத்து வயல் அக்காவுக்கு இதெல்லாம் யார் சொன்னது? காலையில் செம்பனைத் தோட்டத்தில் வேலை. உங்கள் பயிற்சியோ எப்போதும் வேலைநாள் காலையில். மருந்துக்கடைக்காரர் சொன்னபடி அடித்தார். வயலின் மேட்டுப்பக்கம் தண்ணீர் நிற்கவில்லை, அங்கே அங்கின் சாகவில்லை. இப்போது வேலை முடிந்து வந்து, தொடைவரை நெல்லுக்குள் நின்று, உயர்ந்து தெரியும் அங்கின் கதிரை ஒவ்வொன்றாக அறுத்துச் சாக்கில் திணிக்கிறார். முழங்கைவரை நெல்தாள் கீறிய கோடு. அந்த மேட்டை ஒருவர் வந்து பார்த்திருந்தால் போதும்.

பயிற்சியை வயலில் நடத்துங்கள். விதைப்பிலிருந்து அறுப்புவரை, ஞாயிற்றுக்கிழமைகளில். புதிதாக எதையும் கேட்கவில்லை. பூச்சிமருந்து அடித்து அடித்தே புகையான் பூச்சி பெருகியதால், இந்தோனேசியாவில் 1986இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தார்கள். 1989இல் உழவர் வயல்வெளிப் பள்ளி தொடங்கியது. வாரம் ஒருமுறை வயலில் இறங்கி, புகையான் எத்தனை, அதைத் தின்னும் சிலந்தி எத்தனை என்று உழவர்களே எண்ணிப் பார்த்து, மருந்து வேண்டுமா என்று முடிவு செய்தார்கள். உங்கள் மண்டபத்தில் எங்களுக்குச் சான்றிதழ்தான் கிடைத்தது. கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம்.

நெல்லுக்குத் தரை விலை டன்னுக்கு 1,500 வெள்ளி (ரிங்கிட்) என்கிறார்கள். ஆலையில் ஈரம், பதர் என்று கழித்த பிறகு கைக்கு வருவது வேறு கணக்கு. இந்தக் கழிப்பைச் சிரித்த முகத்தோடு ஏற்பது எப்படி என்று அடுத்த பயிற்சி வைப்பார்களோ என்னவோ. மன்னிக்கவும், அது உங்கள் இலாகா அல்ல.

உங்களால் முடிந்ததைத்தான் கேட்கிறோம்: தயவுசெய்து வயலில் நடத்துங்கள். அடுத்த விதைப்புக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லுங்கள், அக்காவின் மேட்டிலிருந்தே தொடங்கலாம். கால் அளவைச் சொன்னால் பூட்ஸ் நாங்களே வாங்கி வைக்கிறோம்.

இப்படிக்கு,
பாகான் செராய் சிறு நெல் விவசாயி ஒருவன்