வெட்டியவருக்குப் பெயர் உண்டு, வெட்டுப்பட்டவருக்கு இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் மாயவித்தைக் கலைஞர் பி.சி. சர்க்காரைப் பற்றி அரைப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. எங்கள் தொழிலுக்குத் தங்கள் பத்திரிகையில் அரைப்பக்கம் கிடைப்பதே ஒரு இந்திரஜாலம் என்பதால், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிக்க உட்கார்ந்தேன். நான்காவது பத்தியில் அந்த வாக்கியம்: "லண்டன் தொலைக்காட்சியில் ஒரு பெண்ணை ரம்பத்தால் அறுக்கும் வித்தை பிசகிப்போக, சர்க்கார் செய்வதறியாது நின்றார்."

செய்வதறியாது நின்றாராம். கையில் இருந்த காபி ஆறிப்போயிற்று.

தங்களுக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் சொல்கிறேன். 1956 ஏப்ரல் 9, பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி. மேசைமேல் படுத்திருந்த பெண்ணின் உடலில் மின்சார வட்ட ரம்பம் இறங்குகிறது. நாங்கள் ஊர் ஊராகக் கொண்டுபோன பெட்டி, மூடி எதுவும் அங்கே கிடையாது. ரம்பம் நின்ற பிறகு சர்க்கார் அவளை எழுப்பப் பார்க்கிறார், கையைத் தேய்த்துவிடுகிறார், தலையை ஆட்டுகிறார், கறுப்புத் துணியை எடுத்து அவள் முகத்தை மூடுகிறார். தொகுப்பாளர் ரிச்சர்ட் டிம்பிள்பி குறுக்கே வந்து, நிகழ்ச்சி முடிந்தது என்கிறார். அவ்வளவுதான், கொலையே நடந்துவிட்டதென்று நம்பி ஜனங்கள் பிபிசிக்குத் தொலைபேசியில் படையெடுத்துவிட்டார்கள். நேரம் தீர்ந்துவிட்டது, பெண் நலமாக இருக்கிறாள் என்று பிபிசி சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று. மறுநாள் லண்டன் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் சர்க்கார். டியூக் ஆஃப் யார்க் தியேட்டரில் அவருடைய காட்சிகளுக்கு டிக்கெட் விற்றுத் தீர்ந்தது.

வித்தை பிசகினால் எப்படியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். முப்பத்தெட்டு வருடம் பள்ளிக்கூட ஆண்டு விழாக்களிலும் கோயில் திருவிழாக்களிலும் மேஜிக் ஷோ நடத்தியவன் நான். ஒரு பள்ளிக்கூடத்தில், பாதி அறுத்திருக்கும்போது மின்சாரம் போய்விட்டது. பெட்டிக்குள் என் மனைவி. சித்திரை மாதப் புழுக்கம். முன்வரிசைக் குழந்தைகள் அழ ஆரம்பித்துவிட்டன. நான் என்ன செய்தேன் தெரியுமா? உளறினேன். கைக்குக் கிடைத்த சீட்டுக்கட்டை விசிறி, எப்போதோ சொல்லி முடித்த நகைச்சுவையை மறுபடியும் சொல்லிச் சிரித்தேன். பிசகியவன் அவசரப்படுவான் ஐயா. கறுப்புத் துணியை நிதானமாக விரித்து முகத்தை மூடிக்கொண்டிருக்க மாட்டான். அந்தத் துணி எங்கிருந்து வந்தது என்றாவது கட்டுரையாளர் யோசித்திருக்க வேண்டாமா?

சர்க்கார் என்ற குடும்பப் பெயரின் ஆங்கில எழுத்துகளையே மாற்றி, மந்திரவாதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் சாயல் அதில் விழும்படி செய்துகொண்டவர் அவர். தன்னை உலகின் தலைசிறந்த மாயவித்தைக்காரர் என்று தானே விளம்பரப்படுத்திக்கொண்டு, மகாராஜா உடையில் தலைப்பாகையோடு நாடு நாடாகப் போனவர். பெயரில் ஓர் எழுத்தைக்கூடத் தற்செயலாக விடாதவர் நிகழ்ச்சி முடியும் நேரத்தை மட்டும் தற்செயலாக விட்டுவிட்டாரா?

இதுவாவது போகட்டும். ரம்பத்தின் கீழே படுத்திருந்தவர் "ஒரு பெண்" அல்ல. தீப்தி தே என்று பெயர், வயது பதினேழு. அத்தனை கேமராக்களுக்கு முன்னால் மூச்சைக் காட்டாமல் கிடந்தாளே, லண்டன் பயந்தது அதைப் பார்த்துத்தானே? சர்க்காருக்குப் பத்மஸ்ரீ, அஞ்சல்தலை, கொல்கத்தாவில் ஒரு தெரு. வேண்டியதுதான். உங்கள் அரைப்பக்கத்தில் அந்தப் பெண்ணின் பெயருக்கு இரண்டு சொல் இடம் இல்லாமல் போயிற்று.

தங்கள் பத்திரிகைக்கு இது புதிதல்ல. பில்லி சூனியம் எடுப்பதாகப் பணம் பறித்தவன் பிடிபட்டபோது "மேஜிக்காரர் கைது" என்று தலைப்பிட்டீர்கள். பட்ஜெட்டைத் திட்டும் தலையங்கம் ஒவ்வொன்றிலும் "கண்கட்டு வித்தை" என்று எழுதுகிறீர்கள். நான் எரித்த பத்து ரூபாய் நோட்டை அடுத்த நிமிடமே எலுமிச்சம்பழத்துக்குள்ளிருந்து எடுத்து உரியவர் கையிலேயே கொடுத்துவிடுவேன். அமைச்சர்களும் அப்படியா? சிறுவர் பக்கத்தில் வாரம் ஒரு வித்தையின் ரகசியத்தைப் படம் போட்டு உடைத்துக்கொண்டிருந்த காலத்தில் மூன்று கடிதம் எழுதினேன். பதில் இல்லை. பள்ளிக்கூடங்களில் தலைக்கு இரண்டு ரூபாய் வாங்கிப் பிழைத்தவன் வயிற்றில் அடிப்பது ஏன் என்று கேட்டிருந்தேன். கேள்வி கடுமையாக இருந்திருக்கலாம்.

இருபத்திரண்டு வருடம் அந்தப் பெட்டிக்குள் மடங்கிக் கிடந்தவர் என் மனைவி. முதுகுவலி அவருடைய ஓய்வூதியம். எங்கள் ஆயிரமாவது காட்சிக்குத் தங்கள் நிருபர் வந்து, வீட்டில் இருந்த புகைப்படத்தை, இரண்டு நாளில் தருவதாகச் சொல்லி வாங்கிப் போனார். அச்சில் வந்தபோது நானும் என் கோட்டும் முழுதாக இருந்தோம். பக்கத்தில் நின்றவருக்குத் தோளுக்கு மேலே ஒன்றும் இல்லை. நான் எத்தனையோ முறை வெட்டி, ஒவ்வொரு முறையும் சேர்த்துக் கொடுத்தேன். தங்கள் அலுவலகம் ஒரே முறை வெட்டியது, இன்றுவரை சேர்க்கவில்லை. அன்று அவர் பேப்பரை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, "நீங்கள் நன்றாக விழுந்திருக்கிறீர்கள்" என்றார். இப்போது அவர் இல்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறு ஒரு மூலையில், தீப்தி தே என்ற பெயரைப் போட்டு இரண்டு வரித் திருத்தம் வெளியிடுங்கள். அந்தப் புகைப்படம் தங்கள் அலுவலகத்தில் எங்காவது கிடந்தால் அனுப்பிவையுங்கள், தபால்தலை ஒட்டிய உறை இணைத்திருக்கிறேன். பின்பக்கம் பென்சிலில் அவர் கையெழுத்தில் தேதி இருக்கும். முழுப்படம் எங்களிடம் வேறு பிரதி இல்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மேடை மாயவித்தைக் கலைஞர் ஒருவர்,
திருச்சி.