டிரைவை ஆஃப் பண்ணிவிடாதே

அன்பு மச்சி,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. அம்மாவுக்கு முட்டி வலி, தினமும் தண்டையார்பேட்டையிலிருந்து பழைய வண்ணாரப்பேட்டைக்கு ஃபிசியோதெரபி, அதனால்தான் தாமதம். ஆனால் கடைசிப் பத்தியில் போகிற போக்கில் எழுதியிருந்தாயே, உங்கள் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படங்களைக் காந்த நாடாவில் பதிந்து வைக்கிற டேப் டிரைவ் மாதம் இரண்டு தடவை எரர் காட்டுகிறது, ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் சரியாகிவிடுகிறது என்று, அந்த ஒரு வரிதான் நாலு நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. இனிமேல் அதை ஆஃப் பண்ணாதே. எங்கள் ஆபீஸில் நடந்ததைச் சொல்கிறேன், ஏன் என்று உனக்கே தெரியும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ராஜாஜி சாலைப் பக்கம் எங்கள் ஆபீஸில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறுகிறது என்று டேப் பெட்டிகளை எல்லாரும் சேர்ந்து மாடிக்குத் தூக்கினோம். கரண்ட் வந்ததும் பேக்கப்பை ஆரம்பித்தோம். முதல் இரண்டு வெள்ளிக்கிழமை ஒன்றும் இல்லை. மூன்றாவது வெள்ளி ராத்திரி வேலை பாதியில் நின்றது, டிரைவின் முகப்பில் மஞ்சள் விளக்கு, பக்கத்தில் இருக்கிற ஒற்றை எழுத்துத் திரையில் 6. சர்வீஸுக்குப் போன் போட்டேன். பேசிய பையன் யோசிக்கவே இல்லை, ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார் என்றான். பண்ணினேன். விளக்கு அணைந்தது, 6 மறைந்தது. மறுநாள் டம்ப் அனுப்புங்க என்றார்கள். எங்கிருந்து அனுப்புவது? டிரைவ் தடுமாறும் நேரத்தில் அதற்குள் என்ன நடந்தது என்பதை அதுவே தன் மெமரியில் எழுதி வைத்திருக்கும், அந்தப் பதிவைத்தான் டம்ப் என்கிறார்கள், கரண்டை நிறுத்தினால் அதுவும் போய்விடும். காய்ச்சல்காரன் வாந்தி எடுத்த இடத்தைக் கழுவித் துடைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்ட கதைதான். ஆஸ்பத்திரிக்காரன் உனக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

டம்ப் இல்லாததால் அவர்களும் குத்துமதிப்பாக டிரைவையே மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். புது டிரைவ், சந்தோஷம். சரியாக நாலு வாரம் கழித்து, மறுபடியும் மூன்றாவது வெள்ளி, மறுபடியும் 6. அப்போதுதான் எனக்கு உறைத்தது, எங்களிடம் டேப்களுக்கு நாலு வாரச் சுழற்சி, நாலு வாரத்துக்கு ஒருமுறை அதே டேப் திரும்பி வரும், அப்படியென்றால் உள்ளே இருப்பது அதே டேப்.

அந்த முறை நான் சுவிட்ச் பக்கம் யாரையும் விடவில்லை. முதலில் திரையைப் போட்டோ எடுத்தேன், டேப்பின் பார்கோடையும் நேரத்தையும் நோட்டில் எழுதினேன். அப்புறம் டம்ப். ஐபிஎம் டிரைவ் என்றால் ஐடிடிடி என்று அவர்களே கொடுக்கும் புரோகிராம் உண்டு, எச்பிஇ என்றால் லைப்ரரி அண்ட் டேப் டூல்ஸ். உங்களுடையது எதுவோ அதை இப்போதே இறக்கி சர்வரில் போட்டு வை, எரர் வந்த ராத்திரி தேடிக்கொண்டிருக்காதே. ஒன்றில் மட்டும் கவனமாக இரு: அதே புரோகிராமில் எழுதிப் பார்க்கும் டெஸ்ட்டும் இருக்கும், அது டேப்பில் உள்ளதை அழித்துவிடும். டம்ப்பை டேப்பிலேயே எழுதித் தருகிற டிரைவும் உண்டு. அதற்கென்று ஒரு காலி டேப்பைத் தனியாக வைத்துக்கொள், நோயாளிகளின் படம் இருக்கிற டேப்பைத் தெரியாமல் போட்டுவிட்டால் திரும்பக் கிடைக்காது.

அடுத்தது சர்வரின் கெர்னல் லாக், அதாவது சர்வரே எழுதி வைக்கிற நிகழ்வுக் குறிப்பு. அதில் சென்ஸ் கீ என்று ஒரு எண் விழுந்திருக்கும். 3 என்றால் டேப்பில் கோளாறு என்று டிரைவ் சொல்கிறது, 4 என்றால் தன் உடம்பிலேயே கோளாறு என்கிறது. இதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது, ஏனென்றால் டேப்பில் எழுதிப் படிக்கிற ஹெட் அழுக்கானாலும் டிரைவ் டேப்பைத்தான் குறை சொல்லும், ஆனால் ஆரம்பிக்க ஓர் இடம் கிடைக்கும். டேப்அலர்ட் என்று டிரைவ் காட்டும் 64 எச்சரிக்கைக் கொடிகள் இருக்கின்றன, 20-வது கொடி ஏறினால் உடனே கிளீன் பண்ணு என்று அர்த்தம், 3-வது என்றால் திருத்த முடியாத எரர். பல டிரைவ்களில் ஒருமுறை படித்ததுமே அந்தக் கொடிகள் இறங்கிவிடும், உன் பேக்கப் சாஃப்ட்வேர் உனக்கு முன்னால் படித்திருந்தால் டிரைவில் தேடினாலும் ஒன்றும் இருக்காது. அதனால் முதலில் சாஃப்ட்வேரின் லாக்கைப் பார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது டேப்பைச் சுற்றி வைத்திருக்கும் கேட்ரிட்ஜுக்குள் இருக்கிற சின்ன சிப். நாம் பயன்படுத்துகிற எல்டிஓ வகை டேப் ஒவ்வொன்றிலும் அது உண்டு, டிரைவ் அதைத் தொடாமலே ரேடியோ அலையில் படிக்கும். அந்த டேப்பை எத்தனை தடவை ஏற்றினார்கள், வாழ்நாளில் மொத்தம் எவ்வளவு எழுதினார்கள், கடைசி நாலு தடவை எந்தெந்த டிரைவுக்குள் போனது என்பதெல்லாம் சீரியல் நம்பரோடு அதில் இருக்கிறது. என் மூன்றாவது வெள்ளி டேப்பின் சிப்பைப் படித்தபோது பழைய டிரைவின் நம்பரும் புது டிரைவின் நம்பரும் அடுத்தடுத்து நின்றன. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது அந்த டேப் ஒன்றுதான்.

உடனே அந்த டேப்பை இன்னொரு நல்ல டிரைவில் போட்டுப் பார்க்கலாமே என்று கை துறுதுறுத்தது. போடாதே மச்சி. முதலில் கேட்ரிட்ஜின் ஓரத்தில் இருக்கிற சின்னக் கதவை விரலால் தள்ளி வெளிச்சத்தில் பார். உள்ளே தீக்குச்சி மாதிரி ஓர் உலோகப் பின் நிற்கும், அதைப் பிடித்துத்தான் டிரைவ் டேப்பை வெளியே இழுக்கிறது. என் டேப்பில் அந்தப் பின் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதை ஒட்டித் தெரிந்த டேப்பின் விளிம்பு, புடவைக் கொசுவம் கலைந்த மாதிரி, மெல்லிசாகச் சுருங்கியிருந்தது. அரை அங்குல அகலம்தான், ஆனால் எல்டிஓ-6 டேப் 846 மீட்டர் நீளம், அதன் மேல் ஹெட் தடம் மாறாமல் ஓட வேண்டும் என்பதற்காக ஃபேக்டரியிலேயே சர்வோ கோடுகளைப் போட்டு அனுப்புகிறார்கள். விளிம்பு கசங்கினால் ஹெட் தடம் தவறுகிறது. நான் அனுப்பிய டம்ப்பைப் படித்துவிட்டு கம்பெனியில் சொன்னதும் அதேதான், ஏறக்குறைய ஒரே தூரத்தில் திரும்பத் திரும்பத் தடம் தவறியிருக்கிறது என்று.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது, புயல் அன்றைக்கு மாடிப்படியில் ஒரு பெட்டி கை நழுவி விழுந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த அவசரத்தில் யார் எடுத்திருப்பார்கள்? ஆனால் டிரைவைப் பழி சொல்லி நல்ல டிரைவைத் திருப்பி அனுப்பினோமே, அது எனக்கு இன்னும் வருத்தம்.

உன் டிரைவுக்கும் இதேதான் என்று சொல்ல வரவில்லை. உங்கள் ஊரில் எங்களைப் போல உப்புக் காற்று இல்லை, ஆனால் தூசி இருக்கும். ஹெட்டைத் துடைக்கிற கிளீனிங் கேட்ரிட்ஜை டிரைவ் கேட்கும்போது மட்டும் போடு, பொதுவாக 50 தடவைதான் தாங்கும், தேவையில்லாமல் போட்டால் ஹெட்தான் தேயும். டேப் முன்பைவிடச் சீக்கிரம் நிறைந்துவிடுகிறதா என்று பார். டிரைவ் எழுதியதை உடனே படித்துச் சரிபார்க்கும், சரியில்லை என்றால் சற்றுத் தள்ளி மறுபடி எழுதும், அதனால் ஹெட் கெட்டுக்கொண்டே வந்தால் இடம் வீணாகும். எந்த டேப்பில் எரர் வந்தது என்று தேதி போட்டு எழுது. மூன்று நாலு தடவை எழுதினாலே, எரர் டேப்போடு போகிறதா டிரைவிலேயே நிற்கிறதா என்பது தெரிந்துவிடும்.

உங்கள் பழைய ஸ்கேன்கள் எல்டிஓ-5 டேப்பில் இருக்கின்றன என்றாயே, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். அவற்றைப் படிக்கக்கூடிய கடைசித் தலைமுறை எல்டிஓ-7. எல்டிஓ-8 அவற்றைத் தொடாது. இருக்கிற டிரைவ் போய்விட்டால் கடையில் புதிதாக வாங்கி மாட்டிவிடலாம் என்று நினைக்காதே. அவை ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய நுரையீரல், யாரோ ஒருவருடைய மூளை.

நம் கேரம் கிளப் இன்னும் இருக்கிறது, போர்டு மட்டும் மாறியிருக்கிறது. பொங்கலுக்கு வந்தால் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ சாப்பிடப் போகலாம். அடுத்த தடவை விளக்கு எரிந்தால் ராத்திரி எத்தனை மணியானாலும் எனக்குப் போன் பண்ணு, சுவிட்சைத் தொடாமல் பண்ணு.

உன்
தண்டையார்பேட்டை நண்பன்