“அந்தக் கல்லு வேண்டாம் அண்ணாச்சி”

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் பொய்யின் விளைவுகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நிலத்தை விற்ற பணத்தில் ஒரு பங்கை ஒளித்துவிட்டு மீதியைக் காணிக்கையாகக் கொண்டுவந்த அனனியாவும் அவன் மனைவி சப்பீராளும் இயேசுவின் சீஷர் பேதுருவின் முன் விழுந்து செத்ததைச் சொல்லி, பொய்க்கு உடனே தண்டனை உண்டு என்று முடித்திருந்தார்கள். என் மனம் ஒப்பவில்லை. நிலமும் உன்னுடையது, விற்ற பணமும் உன்னுடையதுதானே என்று பேதுருவே கேட்கிறார். ஒரு பங்கை வைத்துக்கொண்டதல்ல, முழுவதையும் கொடுத்ததுபோல் காட்டியதுதான் குற்றம். இதை விட்டுவிட்டுச் சாவை மட்டும் சொன்னால், பொய் சொல்லிவிட்டு மறுநாளும் நன்றாக நடமாடுகிறவன் ‘எனக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்றுதான் நினைப்பான். நான் அப்படித்தான் நினைத்தேன்.

எங்களுக்குப் பலசரக்குக் கடை இருந்தது. இரும்பு எடைக்கல்லின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் ஈயம் வைத்து, எடையைச் சரிபார்த்து, முத்திரை குத்தித் தருவார்கள். எங்கள் அரைக்கிலோ கல்லில் அந்த ஈயத்தை அப்பா சுரண்டி எடையைக் குறைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்து தராசு பிடித்தது நான். தெரிந்தேதான் பிடித்தேன். “கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்” என்ற நீதிமொழிகள் வசனத்தை ஞாயிறு பள்ளியில் மனப்பாடமாகச் சொல்லிப் பரிசும் வாங்கினேன். அந்த முத்திரைதான் எங்கள் கல்லடியில் சுரண்டப்பட்டுக் கிடக்கிறது என்று எனக்கு உறைக்கவே இல்லை. மனச்சாட்சியில் சூடுண்டவர்கள் என்று வேதத்தில் பவுல் எழுதுகிறாரே, அதுதான் எனக்கு வந்த தண்டனை. சூடு பட்ட இடம் மரத்துப்போகும், வலி தெரியாது.

பீடி சுற்றும் ஓர் அக்கா தினமும் சாயங்காலம் அரைக்கிலோ அரிசி வாங்க வருவார். ஒருநாள் பையை நீட்டிக்கொண்டே, சத்தம் போடாமல், “அந்தக் கல்லு வேண்டாம் அண்ணாச்சி, வேற கல்லு வைங்க” என்றார் அப்பாவிடம். அப்பா தலை நிமிரவில்லை. அப்புறம் கடை என் கைக்கு வந்து, புதுக் கல் வாங்கிய பிறகும் தராசு முள் அசைவது நிற்கும்வரை அந்த அக்காவின் கண் அதைவிட்டு நகராது. எங்கள் வீட்டுப் பெயருக்கு அங்கே அவ்வளவுதான் மதிப்பு.

தேவனிடம் மன்னிப்புக் கேட்டு அழுதிருக்கிறேன். ஆனால் வரி வசூலிப்பவர்களின் தலைவனாயிருந்த சகேயு அழுததாக வேதத்தில் இல்லை. ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்கிறார் இயேசு. நம் சபைகளில் பாவ அறிக்கை நிறைய நடக்கிறது. திருப்பிக் கொடுப்பதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

நான் பணத்தை எடுத்துக்கொண்டு போனபோது அந்த அக்கா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் மகளிடம் விஷயத்தைச் சொல்லி, பணத்தைக் கொடுத்தேன். “இதை அம்மா கையில கொடுத்திருக்கலாமே” என்றாள்.

இதையும் உங்கள் பத்திரிகையில் போடுங்கள். கடையில், கணக்கில், எங்கேயோ ஒரு கல்லைச் சுரண்டிய யாராவது இதைப் படிக்கலாம். அவர் ஏமாற்றிய ஆள் இன்னும் உயிரோடு இருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தூத்துக்குடி மாவட்டம்.