பில் எங்களுடையதுதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

டாக்டர்களின் இரவு விருந்துகள் பற்றிய உங்கள் தலையங்கம் பார்த்தேன். எல்லாமே மருந்துக் கம்பெனி செலவு என்ற தொனி கொஞ்சம் உறுத்தியது.

எங்கள் ஊரில் அறுவை சிகிச்சை மருத்துவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மாதக் கடைசி வியாழன் இரவு கூடுகிறோம். பரோட்டா, சால்னா, கூடவே ஒரு ஆய்வுக் கட்டுரை, இரண்டு கேஸ். முன்பு ஹாலும் சாப்பாடும் கம்பெனிக்காரர்கள் உபயம்தான், மறுக்கவில்லை. அப்போது கட்டுரையைவிட அவர்கள் ஸ்லைடுதான் நீளம். 2024 மார்ச்சில், டாக்டர்களுக்குக் கம்பெனிகள் விருந்து கொடுப்பதைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசின் மருந்து விற்பனை நெறிமுறை வந்த பிறகு தலைக்கு இவ்வளவு என்று நாங்களே போட்டுக்கொள்கிறோம். (ஐஸ்கிரீம் போனதில் சிலருக்கு வருத்தம்.) 1875இல் கனடாவின் மாண்ட்ரியலில் வில்லியம் ஆஸ்லர் என்ற மருத்துவர் இப்படியொரு வாசிப்பு வட்டத்தைத் தொடங்கியதே, தனியாளாக வாங்கக் கட்டுப்படியாகாத மருத்துவ இதழ்களைச் சேர்ந்து வாங்கிப் படிக்கத்தான்.

போன மாதம் இளம் மருத்துவர் ஒருவர் தான் லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழி அறுவை சிகிச்சை) பித்தப்பையை எடுத்த வீடியோவைப் போட்டார். வெட்ட வேண்டிய பித்தப்பை நாளம் என்று நினைத்து, பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும், வெட்டவே கூடாத பொதுப் பித்தநாளத்தில் கிளிப் வைத்திருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன. "தம்பி, கொஞ்சம் பின்னால் கொண்டுபோங்க" என்றார் மூத்தவர். பித்தப்பையின் அடிப்பகுதி கல்லீரலிலிருந்து பிரிக்கப்படவே இல்லை. பிரித்திருந்தால் எது எந்த நாளம் என்று தெரிந்திருக்கும். நல்லவேளை, வெட்டுவதற்கு முன் அவருக்கே சந்தேகம் வந்து கிளிப்பை எடுத்துவிட்டார். இதைக் கம்பெனி விருந்தில் யார் போட்டுக் காட்டுவார்கள்?

சந்தேகம் இருந்தால் உங்கள் நிருபரை ஒரு வியாழக்கிழமை அனுப்புங்கள். அவர் பங்குக் காசையும் கொடுத்தனுப்புங்கள்.

– ஓர் அறுவை சிகிச்சை மருத்துவர், திண்டுக்கல்